பள்ளிக் கூரையில் சூரியத் தகடும் காற்றாலையும்: எதை, எவ்வளவு, எங்கே வைப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். மூன்று மாடிப் பள்ளிக் கட்டடம், பன்னிரண்டு வகுப்பறைகள், ஒரு கணினி அறை. மொட்டை மாடி காலியாகக் கிடக்கிறது. ஒரு நிறுவனம் வந்து பார்த்துவிட்டு, அந்த மாடியில் 5 கிலோவாட் சூரியத் தகடுகளும் 3 கிலோவாட் காற்றாலை ஒன்றும் வைத்தால் ‘பகலில் வெயில், இரவில் காற்று’ என்று நாள் முழுக்க மின்சாரம் வரும் என்கிறது. இந்த அளவுகள் சரிதானா, வேறு எப்படி வடிவமைக்கலாம் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பள்ளிக்கு எவ்வளவு மின்சாரம், எந்த நேரத்தில் வேண்டும் என்பது ஒன்று. அந்த நேரத்தில் உங்கள் இடத்துக் காற்று எதைக் கொண்டுவரும் என்பது மற்றொன்று. நீங்கள் தந்திருக்கும் விவரத்தைப் பார்த்தால் நிறுவனம் இரண்டையும் கேட்கவில்லை. கையில் இருக்கும் பொருளுக்கு இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. கட்டடங்களுக்கு மின்னமைப்பு வடிவமைப்பதே பல ஆண்டுகளாக என் தொழில், அதில் பள்ளிகளும் உண்டு. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குச் சூரியத் தகடு ஏறத்தாழ எங்கும் பொருந்தும். காற்றாலை சில இடங்களில் பொருந்தும். காற்றாலையைப் பள்ளியின் கூரை மேலேயே ஏற்றுவது மட்டும் அநேகமாக எங்கும் பொருந்தாது. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

கணக்கைத் தேவையிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் கட்டடத்தைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எண்களை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். வகுப்பறைக்கு நான்கு மின்விசிறி வீதம் 48. தலைக்கு 30 வாட் மட்டும் எடுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும் புதிய சிக்கன வகையாக இருந்தால் மொத்தம் 1,440 வாட். ஏழு மணி நேரம், எல்லாம் ஒரே சமயத்தில் ஓடாது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், நாளுக்கு 8 யூனிட் (1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் 48, நான்கு மணி நேரம்: 3.8 யூனிட். கணினி அறையில் 80 வாட் வீதம் இருபது கணினிகள், நான்கு மணி நேரம்: 6.4. ஒரு குதிரைத்திறன் நீரேற்றும் மோட்டார் ஒன்றரை மணி நேரம்: 1.5. நான்கு புரொஜெக்டர்கள் இரண்டு மணி நேரம்: 1.6. இரவும் பகலும் அணையாமல் ஓடும் கண்காணிப்புக் கேமரா, இணையப் பெட்டி, காவலர் அறை விளக்கு எல்லாம் சேர்த்து 150 வாட் என்றால் 3.6. கூட்டினால் நாளுக்கு 25 யூனிட். இதே மின்விசிறிகள் 75 வாட் எடுக்கும் பழைய வகையாக இருந்தால் அவை மட்டுமே 20 யூனிட் கேட்கும். அதாவது மொத்தம் 37 யூனிட் ஆகிவிடும். மின்விசிறியை மாற்றினாலே 12 யூனிட் மிச்சம். இந்த 12 யூனிட்டை உற்பத்தி செய்ய எத்தனை தகடுகள் வேண்டும் என்று பின்னால் வரும் கணக்கில் பாருங்கள். மின்விசிறி எவ்வளவு மலிவான மின்நிலையம் என்பது புரியும். நான் போன பள்ளிகளில் இதை முதலில் செய்தவை குறைவு. மின்விசிறி மாற்றுவதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்த 25 யூனிட்டில் பள்ளி நடக்கும் நேரத்துக்கு வெளியே செலவாவது எவ்வளவு? கேமராவும் காவலர் விளக்கும் பதினேழு மணி நேரம் எடுக்கும் இரண்டரை யூனிட்தான். மீதி அத்தனையும் வெயில் இருக்கும் நேரத்தில் தேவைப்படுவது. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். வீட்டில் மாலையும் இரவும் உச்சம். பள்ளியில் சூரியன் ஏறும்போது தேவை ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது. ‘இரவில் காற்று’ என்ற வாசகம் வீட்டுக்குப் பொருந்தினாலும் பொருந்தும். பள்ளிக்கு இரவில் வேண்டியது இரண்டரை யூனிட், அதை ஒரு சிறிய பேட்டரி தாங்கிவிடும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டில் பள்ளி நடப்பது ஏறத்தாழ 200 நாள்கள். மற்ற நாள்களில் தேவை 3.6 யூனிட்டாகச் சுருங்கிவிடும். ஆனால் விற்பவர்கள் போடும் ஆதாயக் கணக்கு எப்போதும் 365 நாள்களுக்கு இருக்கும். மிஞ்சுவதைப் பொது மின்தொகுப்புக்குத் திருப்பி அனுப்பிக் கணக்கில் வைத்துக்கொள்ள உங்கள் இடத்தில் வழி இருந்தால் அந்தக் கணக்கு சரி. இல்லாவிட்டால் கிட்டத்தட்ட பாதி உற்பத்தி ஆளில்லாத கட்டடத்தில் வீணாகும். விடுமுறையில் தண்ணீர் இறைப்பது, மாலை நேர வகுப்புகள் என்று பயன்களை முன்கூட்டியே யோசித்து வைத்தால் கொஞ்சம் மீட்கலாம்.

இனி வெயில். இதில் நிச்சயம் அதிகம், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓர் ஆண்டின் சராசரியை வைத்து வடிவமைக்கக் கூடாது. பள்ளி நடக்கும் மாதங்களில் எது மிக மங்கலானதோ அதை வைத்து வடிவமைக்க வேண்டும். அந்த மாதத்தில் ஒரு சதுர மீட்டர் மீது நாளுக்கு 4 யூனிட் வெயில் விழுகிறது என்று கொள்வோம். சூடு, தூசி, கம்பி, தகட்டின் நேர்மின்சாரத்தைக் கட்டடத்துக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் என்று கால் பங்கு கழிந்தால், ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு 3 யூனிட் தரும். தகட்டின் திறனை ஆய்வகத்தில் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் கூரை மேல் அது 65 டிகிரி வரை போகும், டிகிரிக்கு 0.35 விழுக்காடு வீதம் 14 விழுக்காடு அங்கேயே போய்விடும். ஆகவே அந்தக் கால் பங்குக் கழிவு மிகையானதல்ல. 25 யூனிட்டுக்கு எட்டரை கிலோவாட் வேண்டும். ஆண்டுக்கு அரை விழுக்காடு வீதம் தகடு தேய்வதையும் சேர்த்து 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதை, நிழல் இடைவெளி எல்லாம் சேர்த்து 80 முதல் 90 சதுர மீட்டர். பன்னிரண்டு வகுப்பறைக் கட்டடத்தின் கூரையில் இது ஒரு மூலை. உங்களுக்குச் சொல்லப்பட்ட 5 கிலோவாட் அந்த மங்கலான மாதத்தில் 15 யூனிட்தான் தரும், போதாது. வெயில் நன்றாக அடிக்கும் மாதத்தில் அதே 5 கிலோவாட் 22 யூனிட் வரை போகும். அதை வைத்துத்தான் அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது காற்று. காற்றாலையின் சுற்றும் இறக்கைத் தொகுதியைச் சுழலி என்கிறோம். ஒரு சுழலியின் வழியாகப் போகும் காற்றில் உள்ள ஆற்றல், காற்றின் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகும். அதிலும் முழுவதையும் பிடிக்க முடியாது. ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியபடி, 27-இல் 16 பங்கு, அதாவது 59.3 விழுக்காடு, எந்தச் சுழலியும் தாண்ட முடியாத எல்லை. நல்ல சிறு சுழலிகள் நடைமுறையில் 25 முதல் 35 விழுக்காடு பிடிக்கும். இதை உங்கள் காற்றாலையில் வைத்துப் பார்ப்போம். 3 கிலோவாட் என்று எழுதியிருக்கும் சிறு காற்றாலையின் சுழலி சுமார் 3.2 மீட்டர் விட்டம் இருக்கும். பரப்பு 8 சதுர மீட்டர். அந்த 3 கிலோவாட் கிடைப்பது காற்று வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வீசும்போது. மணிக்கு 43 கிலோமீட்டர். மரத்தின் பெரிய கிளைகளே ஆடும் காற்று அது. குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது கடினம். வினாடிக்கு 4 மீட்டர் என்ற மிதமான காற்றில் இதே சுழலி தருவது சுமார் 80 வாட். ஆம், மூவாயிரம் போய் எண்பது. பெட்டியில் எழுதியிருப்பது பொய்யில்லை. எந்த வேகத்தில் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

காற்றுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. காற்று ஒரே சீராக வீசுவதில்லை. சராசரி 4 என்றால் சில மணி நேரம் 2, சில மணி நேரம் 8. மும்மடி விதியால் அந்த எட்டு மிக அதிகமாகக் கொண்டுவந்து கொட்டும். காற்று வழக்கமாகப் பரவி வீசும் விதத்தில், சராசரி வேகத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆற்றல் இருக்கும். அதைச் சேர்த்து, கருவி இழப்புகளைக் கழித்து, பிடிப்பை 20 விழுக்காடு என்று வைத்தால், சராசரி 4 மீட்டரில் இந்தச் சுழலி ஒரு முழு நாளுக்கு 3 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தரும். சராசரி 5 என்றால் ஐந்தரை யூனிட். சராசரி 3 என்றால் ஒரு யூனிட்டைச் சுற்றி. பெரும்பாலான சுழலிகள் 3 மீட்டருக்குக் கீழே மின்சாரம் தரத் தொடங்குவதே இல்லை என்பதால் அதற்கும் உறுதி சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்லப்பட்டதைப் போல 3 கிலோவாட்டை இரவின் 12 மணி நேரத்தால் பெருக்கி 36 யூனிட் என்று எதிர்பார்த்தால், வரப்போவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். நல்ல வெயில் மாதத்துக்கு மட்டும் போதுமான அளவாக 6 கிலோவாட் தகடு வைக்கிறோம். மங்கலான மாதத்தில் அது 18 யூனிட் தரும். 7 யூனிட் பள்ளம் விழும். இந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? இன்னும் இரண்டரை கிலோவாட் தகடு, அதாவது ஆறு தகடுகள், கூடுதலாக வைக்கலாம். அல்லது அந்த 3.2 மீட்டர் காற்றாலையை வைக்கலாம். காற்றாலை 7 யூனிட் தர வேண்டுமானால், அதே மாதத்தில், சுழலி நிற்கும் உயரத்தில், சராசரிக் காற்று வினாடிக்கு 5.4 மீட்டர் இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் காற்றாலை ஆறு தகடுகளுக்குச் சமம். இல்லாமல் 4 மீட்டர்தான் என்றால் அது இரண்டரைத் தகடுகளுக்குச் சமம். ஆறு தகடுகளுக்கு அசையும் பாகம் ஒன்றும் இல்லை; மழை இல்லாத மாதங்களில் துடைத்துவிட்டால் போதும். காற்றாலைக்குக் கோபுரம், அடித்தளம், தாங்கி உருளை (பேரிங்), ஆண்டுக்கு ஒரு முறை திருகாணி இறுக்கம், இறக்கை முனைத் தேய்மானம் எல்லாம் உண்டு. உங்கள் ஊர் விலையை இந்த இரண்டுக்கும் போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் காற்று தடையில்லாமல் வந்தால். கூரை மேல் அது வருவதில்லை. ஓடும் நீரில் பாறை நிற்பதைப் போலக் கட்டடம் காற்றில் நிற்கிறது. சுவரில் மோதிய காற்று மேலே எழும்பி, கூரை விளிம்பில் பிய்ந்து, மொட்டை மாடியின் மேல் சுழல்களாக உருளும். மாடியில் நின்றால் முகத்தில் காற்று அடிக்கத்தான் செய்யும், ‘இங்கே நல்ல காற்று’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சுழலிக்கு வேண்டியது ஒரே திசையில் நிதானமாக வரும் காற்று. திசை மாறிக்கொண்டே இருந்தால் அது திரும்புவதிலேயே நேரத்தைக் கழிக்கும், தாங்கி உருளைகளும் சீக்கிரம் தேயும். செங்குத்து அச்சுச் சுழலிகள் எந்தத் திசைக் காற்றையும் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஆற்றலே குறைவு, இல்லாததை எந்த வடிவமும் பிடித்துத் தராது. பிரிட்டனில் வாரிக் சோதனைகள் என்ற பெயரில் கட்டடங்களில் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். பழுதாலும் பிற காரணங்களாலும் நிறுத்தி வைத்த நேரத்தையும் சேர்த்தால், ஒரு காற்றாலை நாளுக்குச் சராசரியாகத் தந்தது சுமார் 214 வாட் மணி. கால் யூனிட்டுக்கும் குறைவு. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே 5 முதல் 10 வாட் எடுத்தால் நாளுக்கு அவ்வளவு ஆகிவிடும்.

உற்பத்தி குறைவு என்பதோடு போனால் பரவாயில்லை. ஒரு பள்ளியில் கூரைத் தூணில் நிறுத்திய சிறு காற்றாலையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். யார் அமைத்தது, எந்த வகை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நல்ல காற்று வீசிய நாளில் மேல்மாடி வகுப்பறையில் ஒரு ரீங்காரம். ஆசிரியை கரும்பலகையில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார், அதிர்வு விரலில் தெரிந்தது. தூண் நேராகக் கூரைக் கான்கிரீட்டில் பதிந்திருந்ததால் கட்டடமே ஒலிபெருக்கியாகிவிட்டது. காற்று நன்றாக வீசும் நாள்களில் சுழலியைக் கட்டிப்போட்டார்கள். வீசாத நாள்களில் அவிழ்த்துவிட்டார்கள். பாடம் நடக்கும் நேரத்தில் வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கேட்பதற்காகவே இருக்கும் இடம் வகுப்பறை. கூரையில் இயந்திரம் வைக்கும் எவரும் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பள்ளிக்குக் காற்றாலையே கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பிரிட் லேக் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் 1993-இல் 250 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. 2001-இல் 750 கிலோவாட்டில் இன்னொன்று. கவனியுங்கள்: பரந்த சமவெளி, நல்ல காற்று, தரையில் நிற்கும் உயர்ந்த கோபுரம், பெரிய சுழலி. கூரை என்ற பேச்சே இல்லை. சிறு காற்றாலைக்கும் விதி இதுவேதான். 150 மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் எந்தக் கட்டடம், மரத்தையும்விட இறக்கையின் கீழ்முனை குறைந்தது 9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் அளவு. உங்கள் மூன்று மாடிக் கட்டடமே 11 மீட்டர் இருக்கும். ஆகவே 22 மீட்டருக்குக் குறையாத கோபுரம், கட்டடத்திலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கத்தில் நிற்க வேண்டும். உயரத்துக்குச் செலவழிப்பது வீண் இல்லை. வீடுகளும் மரங்களும் உள்ள இடத்தில் 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குப் போனால் வேகம் சுமார் 19 விழுக்காடு கூடும். மும்மடி விதியால் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கூடும்.

கோபுரம் சாய்ந்தால் எங்கே விழும் என்ற வட்டத்தை வரைந்து, அதற்குள் விளையாட்டுத் திடலோ, நடைபாதையோ, பிள்ளைகள் கூடும் எதுவுமோ இல்லாதபடி இடம் தேடுங்கள். வேலி கட்டாயம். பழுது பார்க்க யாரும் மேலே ஏற வேண்டியில்லாமல் கோபுரத்தையே கீழே சாய்க்கக்கூடிய வகை பள்ளிக்கு நல்லது. அதன் நிழல் தகடுகளின் மேல் விழக் கூடாது. சுழலும் இறக்கையின் நிழல் வகுப்பறை ஜன்னலில் விட்டுவிட்டு விழவும் கூடாது. பல பள்ளி வளாகங்களில் இத்தனை நிபந்தனைகளையும் வைத்துப் பார்த்தால் வரைபடத்தில் கோபுரத்துக்கு ஓர் இடமும் மிஞ்சுவதில்லை. அப்போது விவாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரண்டையும் சேர்ப்பதற்கான உண்மையான வாதம், வெயில் குறையும்போது காற்று கூடும் என்பது. சில இடங்களில் இது மிகச் சரி. மேகமும் பலத்த காற்றும் சேர்ந்தே வரும் பருவமழைக் காலம் உள்ள பகுதிகளிலும், குளிர்காலத்தில் பகல் குறுகிக் காற்று வலுக்கும் பகுதிகளிலும் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பும். கடலோரத்தில் கடற்காற்று பிற்பகலில் வீசும். பள்ளி முடியும் முன்பே வருவதால் அதுவும் பயன்தான். ஆனால் வேறு இடங்களில் மேகம் மூடிக் காற்றும் அடங்கிப்போகும் புழுக்கமான வாரங்கள் உண்டு. அங்கே இரண்டும் ஒன்றாகவே கைவிரிக்கும். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது களத்தில் நிற்பவருக்குச் சொன்னது. அவர் காற்று வரும்வரை காத்திருக்கலாம். காலை மணி அடித்ததும் மின்விசிறி சுழல வேண்டிய பள்ளி காத்திருக்க முடியாது. எனவே ஆண்டுச் சராசரியை வாங்கி ஏமாற வேண்டாம். மாதம் மாதமாக, முடிந்தால் மணிவாரியாக, பள்ளி நேரத்துக் காற்று என்ன என்று கேளுங்கள்.

இங்கேதான் என்னால் உறுதி சொல்ல முடியாத பகுதி வருகிறது. வெயிலைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து போதுமான நம்பிக்கையோடு சொல்லிவிடலாம்; சில கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் பெரிதாக மாறாது. காற்று அப்படி இல்லை. ஒரு தோப்பு, ஒரு மேடு, எதிரே எழும்பும் புதிய கட்டடம் போதும், கணக்கு தலைகீழாகிவிடும். உலகக் காற்று வரைபடம் என்ற இலவச இணையத் தளத்தில் உங்கள் இடத்தைப் பார்க்கலாம், பாருங்கள். ஆனால் அது 250 மீட்டர் கட்டங்களாகக் கணித்தது. உங்கள் பள்ளிக்குப் பக்கத்துப் புளியமரம் அதற்குத் தெரியாது. அங்கே 100 மீட்டர் உயரத்துக்கான எண்ணைப் பார்த்துவிட்டு 20 மீட்டர் கோபுரத்துக்கு வைத்துக்கொள்ளும் தவறையும் அடிக்கடி பார்க்கிறேன். வரைபடம் ‘இங்கே வேண்டாம்’ என்று சொன்னால் நம்புங்கள். ‘இங்கே வைக்கலாம்’ என்றால், வைக்கப்போகும் உயரத்தில் ஒரு காற்று வேகமானியை நிறுத்தி ஓராண்டு அளந்த பிறகு நம்புங்கள். ஓராண்டு அளவும் முழு உறுதி ஆகாது. ஆண்டுக்கு ஆண்டு சராசரி வேகம் சில விழுக்காடு ஏறி இறங்கும், மும்மடி விதி அதைப் பெருக்கிக் காட்டும். ஹோமர், ரெட்ஸ்கிரீன் போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் நல்லவையே, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் உள்ளே போடும் காற்று ஊகமாக இருந்தால் வெளியே வரும் வண்ண வரைபடமும் ஊகம்தான்.

மின் பகுதியில் இரண்டு மூலங்களையும் ஒன்றுபோல் நினைத்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. பேட்டரி நிறைந்துவிட்டால் சூரியத் தகட்டின் இணைப்பைத் துண்டித்துவிடலாம்; தகடு பேசாமல் வெயில் காயும். காற்றாலையை அப்படித் துண்டிக்கக் கூடாது. சுமை போன சுழலி கட்டவிழ்ந்த காளையைப் போல வேகமெடுக்கும். இறக்கை பிய்ந்து பறந்த சம்பவங்களுக்கு இது ஒரு காரணம். ஆகவே காற்றாலைக்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். மிஞ்சும் மின்சாரத்தை வெப்பமாக எரித்துத் தள்ளும் சுமைத்தடை வேண்டும். கையால் நிறுத்தும் தடுப்பும் வேண்டும். பள்ளி விடுமுறையில் இருக்கும்போது எடுப்பார் இல்லாமல் அந்தச் சுமைத்தடை நாள் முழுக்கச் சூடாகிக் கொண்டிருக்கும். ஆகவே அதை மர அலமாரிக்குள்ளோ தாள்கள் அடுக்கிய அறையிலோ வைக்கக் கூடாது. உங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் இந்தச் சுமைத்தடை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை என்றால், எழுதியவருக்குக் காற்றாலை தெரியாது.

இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை, மேலே போட்ட கணக்கில் எல்லாம் ஒன்றாக ஓடினால் 6 கிலோவாட் வரும். மோட்டார் கிளம்பும் நொடியில் தன் அளவைப் போல் பல மடங்கு இழுக்கும் என்பதால் 8 கிலோவாட் எடுக்கலாம். அல்லது மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் மென்தொடக்கி ஒன்றைப் பொருத்தி, மோட்டாரை உச்சி வெயிலில் மட்டும் ஓடவிடலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி வைத்த தண்ணீரைவிட மலிவான பேட்டரி கிடையாது. மின்தொகுப்போடு இணைந்து மட்டும் ஓடும் இன்வெர்ட்டர், வெளி மின்சாரம் போனதும் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். கொளுத்தும் வெயிலில் கூரை நிறையத் தகடு இருந்தும் வகுப்பறை இருட்டாக இருக்கிறதே என்று தலைமையாசிரியர்கள் திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன். மின்தடையிலும் ஓட வேண்டுமானால் அதற்கென்ற கலப்பு வகை இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள்.

பேட்டரியைப் பள்ளிக்கு மூன்று நாள் இருப்பு என்றெல்லாம் பெரிதாக்க வேண்டாம். மருத்துவமனைக்கு அது தேவை. மேகமூட்டமான நாளில் பள்ளி கணினி வகுப்பைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். இரவுக்கு இரண்டரை, மேகம் கடக்கும் நேரங்களுக்குப் பத்து என்று வைத்தால், எண்பது விழுக்காடு வரை இறக்கிப் பயன்படுத்தத்தக்க லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 16 யூனிட் கொள்ளளவு போதும். ஈய அமில வகை என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆகவே 25 யூனிட் வேண்டும். அது சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமுள்ள தனி அறையும் வேண்டும். நீண்ட விடுமுறையில் அரைகுறை சார்ஜில் கிடந்தால் அந்த வகை சீக்கிரம் சாகும். எந்த வகையானாலும் மாடிப்படிக்குக் கீழே வேண்டாம். தீ என்றால் பிள்ளைகள் ஓடி வரும் வழி அது.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. தகடும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ. கான்கிரீட் கூரைக்கு இது பாரமில்லை. பயப்பட வேண்டியது புயல் காற்று தகட்டைக் கீழிருந்து தூக்கும் விசைக்கு. ஆணி அடிப்பதா, கல் வைத்து அழுத்துவதா, ஆணி அடித்த இடத்தில் நீர் கசியாமல் என்ன செய்வது என்பதை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கட்டடத்தை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அது என் துறை இல்லை, படம் பார்த்துச் சொல்லவும் மாட்டேன். இடிதாங்கி, மின்னழுத்தம் திடீரென எகிறும்போது கருவிகளைக் காக்கும் மின்னெழுச்சிக் காப்பு, நிலத்தொடர்பு (எர்த்) ஆகிய மூன்றையும் எதை மிச்சம் பிடிக்கச் சொன்னாலும் விடாதீர்கள்.

பிள்ளைகள் காற்றாலையைப் பார்த்துக் கற்பார்கள் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் வாதிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை மின்சாரக் கணக்கில் கலக்காமல் தனியாக வையுங்கள். அதற்குச் சில நூறு வாட் அளவில் ஒரு சிறு சுழலி, கட்டடத்தைத் தொடாமல் வேலிக்குள் ஒரு கம்பத்தில், அருகே வேகத்தையும் வாட்டையும் காட்டும் ஒரு திரை இருந்தால் போதும். வேகம் இரட்டிப்பானால் மின்சாரம் எட்டு மடங்காவதைப் பத்தாம் வகுப்பு மாணவர் தாமே வரைபடம் போட்டுக் கண்டுபிடிப்பார். அது தரும் மின்சாரம் ஒரு விளக்குக்குக்கூடப் போதாமல் போகலாம். அந்தப் பாடத்துக்கு அது ஒரு குறையே அல்ல.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த விடுமுறையில் மின்விசிறிகளையும் விளக்குகளையும் மாற்றுவேன். ஒரு மாதம் மீட்டரை மணிவாரியாகக் குறித்து, நான் மேலே போட்ட 25 என்ற எண்ணை உண்மையான எண்ணால் மாற்றுவேன். அதற்கேற்ப 8 அல்லது 9 கிலோவாட் தகடும் கலப்பு இன்வெர்ட்டரும் கேட்டுப் புதிய விலைப்பட்டியல் வாங்குவேன். தகட்டு வேலைக்குக் காற்றின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இதற்கிடையே கோபுரத்துக்கு வளாகத்தில் பாதுகாப்பான இடம் ஒன்று உண்மையிலேயே இருந்தால், அங்கே மெல்லிய கம்பத்தில் வேகமானியை நிறுத்தி மாணவர்களிடம் குறிப்பேட்டைக் கொடுத்துவிடுவேன். தகட்டுக்குக் குழி தோண்டிக் கம்பி பதிக்கும்போதே அந்த இடத்திலிருந்து பேட்டரி அறை வரை ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள், உள்ளே இழுகயிறு ஒன்றோடு. ஓராண்டு கழித்து மங்கலான மாதத்தின் சராசரி ஐந்தரையைத் தொட்டிருந்தால் அதில் கம்பி இழுக்கலாம். தொடவில்லை என்றால் அந்தக் குழாயில் கேமராக் கம்பி போகட்டும்.